ஜெயராஜ் அச்சடிக்க மறுத்த ஆயுத பூசைப் படம்

அன்று கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஜெயராஜின் போட்டோ கடைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். கடைக்காரர் ஜெயராஜ். முகப்பு மேசையில் வேலை செய்யும் மலர். படத்தைப் பெரிதாக்க வந்த ரெங்கசாமி. அவருடைய மனைவி நல்லம்மாள். பாஸ்போர்ட் படத்துக்காக நாற்காலியில் காத்திருந்த சீதாலெட்சுமி. ஆறாவது ஆள் ஒருவரும் கிடையாது. வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன் என்று இப்போது சொல்லித் திரிபவர்கள் அன்று எங்கே நின்றார்களோ தெரியாது, அந்த வாசலில் நிற்கவில்லை.

ரெங்கசாமிக்கு வீடு கிள்ளானில். பந்திங் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. இளங்கன்றுகளைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்றுவிடும் என்பதால், அவர் அப்பா காலத்திலிருந்தே அந்தக் குடும்பத்தில் ஒரு துப்பாக்கி உண்டு. அப்பா இருந்தவரை அப்பா பெயரில் லைசன்ஸ். இப்போது இவர் பெயரில். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அந்த அப்பாவின் கையில் அரசாங்கமே நம்பித் துப்பாக்கியைக் கொடுத்தது என்பதை ரெங்கசாமி சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவன் வீட்டை, உறவை, பழக்கத்தை எல்லாம் துருவிப் பார்த்து, கறை ஒன்றும் இல்லை என்று கண்ட பிறகுதான் போலீஸ் அதைக் கொடுக்கும். மற்றவர்கள் வீட்டில் பட்டமளிப்புப் படம் தொங்குகிற இடத்தில் தன் வீட்டில் துப்பாக்கிப் படம் தொங்கவேண்டும் என்று அவர் நினைத்ததில் அதிசயம் இல்லை.

அதற்கு நாளும் கூடி வந்திருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் விஷ்ணுப்ரியாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை அருணன் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிற யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பம். அவனுடைய தாத்தா கந்தையா நீதிமன்றத்தில் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் எல்லாருமே அரசாங்க உத்தியோகம். அவர்கள் படியேறி வரும்போது முதலில் கண்ணில் படவேண்டியது இந்த வருடத்து ஆயுத பூசைப் படம் என்று ரெங்கசாமி முடிவு செய்துவிட்டார். சுவரில் ஆணிகூட அடித்தாயிற்று.

மலர் நல்லம்மாளின் கைப்பேசியை வாங்கிக் கணினியில் இணைத்தாள். படம் திரையில் வந்ததும் அவள் கை சுட்டுவிட்டதுபோல் விலகியது.

"அங்கிள், இது அடிக்க முடியாது லா."

"ஏன், மெஷின் ரிப்பேரா?"

"இல்ல அங்கிள். துப்பாக்கி இருக்கே. அங்க பாருங்க, ஒட்டியிருக்கு."

கண்ணாடியில் மூன்று மொழியில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. துப்பாக்கி உள்ள படங்கள் இங்கே அச்சிடப்படமாட்டா. ரெங்கசாமி மூன்று மொழியிலும் நிதானமாகப் படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து லைசன்ஸை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"உங்க முதலாளிய வரச்சொல்லும்மா."

ஜெயராஜ் உள்ளறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ரெங்கசாமியை அவருக்குத் தெரியும். வணங்கினார். லைசன்ஸை எடுத்துப் பார்த்தார். இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"அண்ணே, லைசன்ஸ் சரியா இருக்கு. ஆனா அது உங்க கையில இருக்கு. படத்துல எங்க இருக்கு?"

"என்ன பேச்சு இது? நான் யாருன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்ணே. படத்துக்குத் தெரியாதே. போன வருசம் ஒரு சாவு வீட்டுக்கு பேனர் அடிச்சுக் குடுத்தேன். செத்தவன் கேங்கு பையன், படத்துல அவன் கையில துப்பாக்கி. நம்ம பசங்க ஆசப்படுறாங்கன்னு அடிச்சிட்டேன். அப்புறம் போலீஸ் வந்து, யார் இவன், எதுக்கு அடிச்சேன்னு பூரா நாளும் உக்கார வச்சிட்டாங்க. அன்னையிலேர்ந்து ரூல் போட்டுட்டேன். எங்க மச்சானுக்கே அடிக்கல."

"கேங்கு பசங்களுக்கு போட்ட ரூல எனக்கு போடுறியா?"

"ஆளுக்குன்னு மாத்தினா அப்புறம் அது ரூலா அண்ணே?"

அதுவரை சும்மா இருந்த சீதாலெட்சுமி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஐயோ, அந்தக் கத்தியில என்னா அது, ரத்தமா?"

"குங்குமம்," என்றார் நல்லம்மாள். "ஆயுத பூசைக்கு உங்க வீட்ல குங்குமம் வைக்க மாட்டீங்களா?"

"வைப்போம் ஆன்டி. தையல் மெஷினுக்கு வைப்போம். எல்லாரும் கறுப்பு சட்ட வேற போட்டிருக்கீங்களா, அதான் கேங்கு மாதிரி தெரியுது."

"உரக்கம்பெனிக்காரன் சும்மா குடுத்த சட்ட. எங்க வீட்டு மனுசன் பன்றியச் சுடவே மூணு தடவ மூக்குக்கண்ணாடியத் துடைப்பாரு. அதுக்குள்ள பன்றி பந்திங் டவுனுக்கே போயிடும். இவரப் போய் கேங்குன்னு சொன்னா கேங்குக்காரனுக்குத்தான் வெக்கம்."

மலர் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டாள். ரெங்கசாமி சிரிக்கவில்லை. மூன்று தலைமுறையாக ஒரு போலீஸ் புகார் இல்லாத குடும்பம். அதன் படத்தை ஒரு கடைக்காரன் தொடமாட்டேன் என்கிறான். அதுவும் கதை பரப்புவதில் பேர்போன சீதாலெட்சுமியின் முன்னால்.

"ஜெயராஜ், அந்தப் படத்தப் பெரிய திரையில போடு. இதுல யாரு திருட்டுப் பயன்னு எனக்குக் காட்டு. காட்டிட்டா நான் போயிடுறேன்."

"வேணாம்ணே."

"போடுன்னு சொல்றேன்ல."

ஜெயராஜ் போட்டார். சுவரில் இருந்த பெரிய திரையில் படம் முழுசாக விரிந்தது. கைப்பேசியில் உள்ளங்கை அளவுக்குப் பார்த்திருந்த படம் அது. இப்போது ஆளுயரத்தில் நின்றது. லோரியின் முன்னால் மாலை. பழம் அறுக்கும் நீண்ட அரிவாள்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன, ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமும். உடைத்த பூசணிக்காய் சிவந்து கிடந்தது. பின்னால் கறுப்புச் சட்டையில் அவர் மகன் சுகுமாறன், தோட்டத்து ஆட்கள், சேலையில் நல்லம்மாளும் விஷ்ணுப்ரியாவும். நடுவில் அவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். பக்கத்தில் மாப்பிள்ளை அருணன் சிரித்துக்கொண்டிருந்தான். துப்பாக்கி அருணன் கையில் இருந்தது.

ரெங்கசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அருணன் கையில்தான் இருந்தது.

அந்தக் காலை அவருக்கு நினைவு வந்தது. தீபாராதனை முடிந்ததும் மாப்பிள்ளைக்கு என்ன மரியாதை செய்வது என்று யோசித்தார். வேட்டி கொடுத்தாயிற்று, மோதிரம் நிச்சயத்தன்று. கையில் இருந்த பெருமையான பொருள் அது ஒன்றுதான். காலித் துப்பாக்கிதான், குண்டு வேறு பெட்டியில். "பிடிங்க மாப்பிள்ள" என்று தூக்கிக் கொடுத்துவிட்டார். லைசன்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கைதான் அதைத் தொடலாம். சட்டம் அது. சட்டத்துக்கு முன்னால் அது அந்த வீட்டின் வழக்கம். சுகுமாறன் சின்ன வயதில் ஒருமுறை அதன் உறையைத் தடவிப் பார்த்ததற்கே ஒரு வாரம் அவனோடு பேசாமல் இருந்தவர் அவர். பெற்ற மகனுக்குக் கொடுக்காததை, பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் மெச்சவேண்டும் என்று மாப்பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார்.

இதை வாசலுக்கு நேராக மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கந்தையா படியேறி வருவார். ஆயுள் முழுவதும் நீதிமன்றத்தில் வழக்குக் கட்டுகளைப் புரட்டிய கண். தன் பேரன் அடுத்தவர் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்ப்பார். வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். காப்பியைக் குடித்துவிட்டு, சட்டம் தெரியாத வீடு என்று மனசில் எழுதிக்கொண்டு போவார்.

கடையில் எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெயராஜ் அந்தத் துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்று கவனித்தாரா இல்லையா என்பது இன்றுவரை தெரியாது. கவனித்திருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை.

"ஜெயராஜ்."

"சொல்லுங்கண்ணே."

"ரூல்னா ரூல்தான். எனக்காக மாத்தாத. படத்த அழிச்சிடு."

"அண்ணே, கோவமா?"

"கோவம் இல்லப்பா. சனிக்கிழம கேமராவ எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வா. வேற படம் எடுக்கணும். துப்பாக்கி தெரியாது. சத்தியமா அடிச்சுக் குடுப்பியா?"

"தெரியலன்னா மரச்சட்டமே போட்டுக் குடுக்குறேன்."

காரில் ஏறியதும் நல்லம்மாள் பெல்ட்டை மாட்டிக்கொண்டே கேட்டார். "கடைசியா உங்க கண்ணுக்கும் தெரிஞ்சிச்சா?"

"உனக்கு எப்ப தெரியும்?"

"அன்னைக்கே. மாப்பிள்ள கையில குடுக்காதீங்கன்னு சொல்ல வாயத் தொறந்தேன். நல்ல நேரத்துல பேசாதன்னு கையக் காட்டினீங்க. சரி, பேசல."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"ஆணி அடிச்சிட்டிருந்தீங்க. சுத்தியல் கையில இருந்துச்சு."

ரெங்கசாமி வண்டியை எடுத்தார். சிக்னல் வரும்வரை முகத்தை இறுக்கமாக வைத்திருந்தார். சிக்னலில் நின்றபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக, குடும்ப வாட்சப் குழுவிலிருந்தும் அந்தப் படத்தை எல்லாரும் அழித்துவிடும்படி சுகுமாறனிடம் சொன்னார். ஏன் என்று சுகுமாறன் கேட்டான். "அப்பா தப்பு பண்ணிட்டேன்" என்றார். அந்த வாசகத்தை அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் முறை என்பதால் சுகுமாறன் வேறு எதுவும் கேட்கவில்லை.

சனிக்கிழமை ஜெயராஜ் வந்தார். உள்ளறையில் துப்பாக்கி வைக்கும் இரும்பு அலமாரியைத் துடைத்து, பூட்டின்மேல் சந்தனம் குங்குமம் இட்டு, கதவில் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். குடும்பம் அதற்கு முன்னால் நின்றது. இந்த முறை கறுப்புச் சட்டை இல்லை. வேட்டி சட்டை. அருணனும் வந்திருந்தான். அவன் கையில் தாம்பாளம். ரெங்கசாமி அலமாரிப் பக்கம் நின்று, பூட்டின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டார்.

"அண்ணே, அப்படியே லைசன்ஸயும் கையில பிடிச்சிக்கிறீங்களா? படத்துக்கும் தெரிஞ்சிடும்," என்றார் ஜெயராஜ்.

"அடி வாங்குவ."

அன்று சாயங்காலமே படம் பெரிதாகிச் சட்டத்தோடு வந்தது. ஏற்கெனவே அடித்திருந்த ஆணியில் மாட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கந்தையா படியேறி வந்தார். எதிர்பார்த்ததுபோலவே நேரே படத்தின் முன்னால் போய் நின்றார். அந்த வீட்டில் துப்பாக்கி உண்டு என்று பேரன் சொல்லியிருந்தான்போலும். அவர்கள் பேச்சில் அது துவக்கு.

"துவக்கு எங்க?"

"உள்ளுக்குள்ள இருக்குங்க."

"சாவி?"

ரெங்கசாமி இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

கந்தையா படத்தை இன்னொரு முறை பார்த்தார். "அது இருக்கவேண்டிய இடம் அதுதான்," என்றார். பிறகு, கேட்காமலேயே, படத்துக்கு நேர் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ரெங்கசாமிக்கு அதைவிட வேறு பாராட்டு வேண்டியிருக்கவில்லை. நிச்சயம் குறைவில்லாமல் நடந்தது. தை மாதம் கல்யாணம்.

இதற்கிடையே கிள்ளானில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. ரெங்கசாமி துப்பாக்கியோடு போட்டோ கடைக்குள் போனாராம், அச்சடிக்கிறாயா இல்லையா என்று ஜெயராஜை மிரட்டினாராம், ஜெயராஜ் பயந்து கதவை இழுத்துப் பூட்டினாராம், போலீஸ் வந்து துப்பாக்கியைப் பறித்துக்கொண்டு போனதாம்.

அது பொய். கடைக்குப் போனது நல்லம்மாளின் கைப்பேசி. கடை மூடவில்லை, சீதாலெட்சுமி தன் பாஸ்போர்ட் படத்தை வாங்கிக்கொண்டுதான் போனார். போலீஸ் வரவில்லை. துப்பாக்கி அன்றும் அலமாரியில் இருந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.