உள்தொட்டித் தண்ணீர்

தண்டாயுதபாணி விட்டெறிந்த அட்டை வாசல் கேட்டின் கம்பியில் பட்டு, வெளியே நின்ற அங்காளம்மாளின் காலடியில் விழுந்தது.

"எடுத்துப் பாருடி. நாலாந்தேதி கையெழுத்து. பதினொண்ணாந்தேதி கையெழுத்து. பதினெட்டாந்தேதி கையெழுத்து. எம் வீட்ல கொசுப்புழு இல்லேன்னு மூணு வாரமா எழுதிக் குடுத்திருக்க. இன்னிக்கி எம் பேத்தி டெங்கு வந்து மதுரை ஆஸ்பத்திரில ரத்தம் ஏத்திக்கிட்டுக் கெடக்கா. ஆறு வயசுப் புள்ள! இதுக்கு யாருடி பதில் சொல்றது?"

அங்காளம்மாள் குனிந்து அட்டையை எடுத்தாள். ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

அவளிடம் பதில் இல்லாமல் இல்லை. பத்து வருஷத்துப் பதில் இருந்தது. நாகல் நகருக்குப் பின்னால், இரண்டு பக்கமும் மாடி வீடுகளாக நிற்கிற அந்தத் தெருதான் இத்தனை வருஷமும் அவளுக்கு. வாரத்துக்கு ஒருநாள் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, டார்ச் லைட்டும் புழு மொள்ளும் வெள்ளைக் கரண்டியும் மருந்து பாட்டிலும் பையில் போட்டுக்கொண்டு வருவாள். தண்ணீர் நிற்கிற இடமெல்லாம் பார்த்து, புழு இருந்தால் மருந்து ஊற்றி, வீட்டில் தொங்குகிற அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தக்காரர் ஒருவரின் கீழ் தினக்கூலி வேலை.

தாளில் இருக்கிற வேலை அது. தெருவில் இருக்கிற வேலை வேறு. மாடித் தொட்டியை அவள் பார்க்கலாம், ஏணி வெளியே இருக்கிறது. கக்கூஸ் வாளியைப் பார்க்கலாம், அதற்கு அவளை விட்டால் ஆள் ஏது? பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, சாக்கடை ஓரம் எல்லாம் தாராளமாகப் பார்க்கலாம். சமையற்கட்டை ஒட்டியிருக்கிற உள்தொட்டி மட்டும் ஆகாது. குடிக்கவும் சமைக்கவும் சாமி விளக்கடியில் வைக்கவும் அந்தத் தண்ணீர்தான். அங்காளம்மாள் காலனிக்காரி. இதற்கு மேல் ஒரு காரணமும் அந்தத் தெருவுக்குத் தேவைப்படவில்லை.

யாரும் கூடிப் பேசாமலே தெரு முழுக்க ஒரு ஏற்பாடு நடந்துவந்தது. அங்காளம்மாள் கேட்டில் நின்று குரல் கொடுப்பாள். வீட்டுக்காரி உள்தொட்டியில் ஒரு சொம்பு மொண்டு வந்து, கேட்டுக்கு உள்ளேயே நின்று சாய்த்துக் காட்டுவாள். "பாத்துக்க, கண்ணாடியாட்டம் இருக்கு." பிறகு அந்தச் சொம்புத் தண்ணீர் செம்பருத்திக்குப் போகும். காலனிக்காரி பார்த்த தண்ணீரைத் திரும்பத் தொட்டியில் ஊற்ற முடியுமா?

கொசுப்புழு ஆள் நிழல் பட்டாலே அடிக்குப் போய்விடும் என்பது அங்காளம்மாளுக்குத் தெரியும். மேலாக மொண்ட சொம்பில் அது எந்த ஜென்மத்திலும் வராது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அட்டையில் ‘உள்தொட்டி பார்க்க விடவில்லை’ என்று எழுதியும் பார்த்தாள். மேல்பார்வை பார்க்கும் சானிட்டரி இன்ஸ்பெக்டர் ராபின் அன்றைக்கே கூப்பிட்டனுப்பினார். "ஏம்மா, பெரிய வீட்டுப் பொல்லாப்பு நமக்கு எதுக்கு? காட்டுனதப் பாத்துட்டுக் கையெழுத்தப் போட்டுட்டு வா." அன்றிலிருந்து போட்டாள். அவள் செய்த தப்பு அதுதான், தப்பில்லை என்று அவளும் சொல்லவில்லை.

இன்றைக்கும் ராபின் பக்கத்தில்தான் நின்றிருந்தார். தண்டாயுதபாணி கத்தி ஓய்ந்து உள்ளே போனதும், மடித்த தாள் ஒன்றை நீட்டினார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போட்டுரு. செத்த நேரத்துல எம்.எல்.ஏ. வந்துருவாரு. அதுக்குள்ள முடிச்சிருவோம்."

அங்காளம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். எனது கவனக்குறைவால் மேற்படி வீட்டில் கொசுப்புழு உற்பத்தியாகிக் குழந்தைக்குக் காய்ச்சல் ஏற்பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"சார், இது அந்தப் புள்ளைக்கு நானே காச்சலக் குடுத்தேன்னு எழுதிக் கேக்குற மாதிரில்ல இருக்கு?"

"போட்டா வேற வார்டுக்கு மாத்திவிடுவாங்க. போடலேன்னா ஒப்பந்தக்காரர் இன்னிக்கிச் சாயங்காலத்தோட ஒன்ன நிறுத்திருவாரு. பாணியண்ணன் அவருகிட்டப் பேசிட்டாரு. ஒம் மக நர்ஸ் படிப்பு ரெண்டாவது வருசம்ல? யோசிச்சுக்க."

அவள் தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

எம்.எல்.ஏ. இரண்டு கார்களோடு வந்தார். தண்டாயுதபாணி பூண்டு மொத்த வியாபாரி, கட்சியில் வார்டுப் பொறுப்பு. ஆகவே பிள்ளையின் நலம் விசாரிப்பும், வாராவாரம் தொகுதி மக்களுக்குப் போனில் படம்பிடித்து அனுப்பும் செய்தியும் ஒரே இடத்தில் முடிந்துவிடும். கூடவே வந்த ஆள் ஒருவன் போனைக் கம்பில் மாட்டிப் பிடித்தான். எம்.எல்.ஏ. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்.

"தொகுதி மக்களுக்கு வணக்கம். மழைக்காலம். காய்ச்சல் பரவுது. நம்ம கட்சிக் குடும்பத்துப் பச்சப்புள்ளையே இன்னிக்கி ஆஸ்பத்திரில இருக்கு. வாரம் ஒருநா தொட்டித் தண்ணிய முழுசா எறைச்சுத் தேச்சுக் கழுவுங்க. மூடி வைங்க. காய்ச்சல்னா மருந்துக்கடையில நீங்களா மாத்திர வாங்காதீங்க. சட்டசபைல இப்பப் புதுச் சட்டம் கொண்டாந்திருக்கோம். வீட்ல கொசுப்புழு இருந்தா அபராதம். புழு பாக்க வார ஊழியரத் தடுத்தாலும் அபராதம். கடமை தவறுன ஊழியர் மேல ஒடனடி நடவடிக்கை."

நல்ல பேச்சு. ஒரு வார்த்தை பழுதில்லை. வாசலில் நின்ற அங்காளம்மாளுக்கு ஒவ்வொன்றும் காதில் விழுந்தது. அவளை யாரும் தடுக்கவில்லையே! "வாடி, பாத்துக்க" என்று சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். இதைத் தடுத்ததாக எந்தச் சட்டத்தில் எழுதுவது?

"அண்ணே, தொட்டில மருந்து ஊத்துற மாதிரி ஒண்ணு எடுத்தா நல்லாருக்கும்," என்றான் போன் பிடித்தவன்.

"ஊழியர் யாரு? நீதானாம்மா? உள்ள வா தாயி," என்று எம்.எல்.ஏ. கூப்பிட்டார்.

தண்டாயுதபாணியின் மனைவி சொர்ணலட்சுமி புருஷன் முகத்தைப் பார்த்தாள். புருஷன் எம்.எல்.ஏ. முகத்தைப் பார்த்தார். நாலு பேர் இருக்கிற சபையில் எப்படி வேண்டாம் என்பது?

"ஆமாமா… வா, அங்காளம்மா. உள்ள வா," என்றார். பத்து வருஷத்தில் அந்த வீட்டில் அந்த வார்த்தை அன்றைக்குத்தான் அவள் காதில் விழுந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு அவள் நடந்தாள். சமையற்கட்டு மேடையை ஒட்டி, இடுப்பு உயரத்துக்குச் சிமென்ட் தொட்டி. ஆத்தூரிலிருந்து குழாயில் வருகிற தண்ணீர் அந்தத் தெருவுக்கு எட்டு நாளைக்கு ஒரு தடவைதான். அதனால் தீரத் தீர மேலேயே நிரப்பிக்கொள்வார்கள், அடி காய விடுவதில்லை. மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்தாள். டார்ச்சை அடித்து, அசையாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கோட்டுக் கையை ஏற்றிவிட்டு, கரண்டியோடு கையை அடிவரைக்கும் விட்டு மொண்டாள்.

கரண்டியில் எட்டோ பத்தோ நெளிந்தன.

அவள் அதைப் போனுக்கு நேராக நீட்டினாள்.

"பாத்துக்கங்கய்யா, புழு. மூணு வாரமும் நான் கையெழுத்துப் போட்டது நெசந்தான். நான் பாத்தது கேட்டுக்கு வெளிய நிக்க வச்சுக் காட்டுன சொம்புத் தண்ணி. இந்தத் தொட்டிய இன்னிக்கித்தான் கண்ணால பாக்குறேன். பத்து வருசத்துல இன்னிக்கித்தான் உள்ள விட்டாங்க."

"கட், கட்," என்றார் எம்.எல்.ஏ.

சொர்ணலட்சுமிதான் முதலில் வாயைத் திறந்தாள். "நாங்க என்னத்தண்ணே வேணாம்னோம்? அவளே உள்ள வர மாட்டா. கூச்சப்படுவா."

"சரி சரி, அது இருக்கட்டும்," என்று எம்.எல்.ஏ. கையமர்த்தினார். "அதை அழிச்சிருப்பா. தாயி, நீ ஒண்ணும் பேசாம மருந்த மட்டும் ஊத்து. செத்த சிரிச்ச மாதிரி."

மருந்தை ஊற்றினாள். சிரிக்கவில்லை. அவள் முகத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் படமெடுத்துக்கொண்டார்கள்.

"தண்ணிய எறைச்சு விட்டுருங்கம்மா," என்றார் ராபின், சொர்ணலட்சுமியிடம் மெதுவாக.

"அதான் மருந்து ஊத்தியாச்சுல்ல சார்? அடுத்த தண்ணி வர இன்னும் அஞ்சு நாள் கெடக்கு. இம்புட்டுத் தண்ணியக் கொட்டிட்டு நாங்க எங்க போறது?"

காபி வந்தது. எம்.எல்.ஏ.வுக்கும் ராபினுக்கும் வந்தது. அங்காளம்மாள் வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். கார்கள் கிளம்பிப் போன பிறகு ராபின் கேட்டுக்கு வெளியே வந்து பேனாவை நீட்டினார்.

"ஏம்மா, போன்ல அப்புடிப் பேசலாமா? அது போகட்டும். அந்தத் தாளக் குடு. போட்டியா?"

அவள் தாளை மடித்தபடியே அவர் சட்டைப் பையில் வைத்தாள். "போட மாட்டேன் சார். நீங்க சொன்னதுக்காக முன்ன போட்ட மூணுக்கே எம் மனசு ஆறல."

"வேல போயிரும்."

"சாயங்காலத்தோடதான? அதுவரைக்கும் இருக்குல்ல?"

ராபின் அவளை ஒருமாதிரி பார்த்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒருவேளை அவருக்கும் கொஞ்சம் கூசியிருக்கலாம். கூசி என்ன பிரயோஜனம்?

அட்டையில் அன்றைய தேதியைப் போட்டு, ‘உள்தொட்டியில் புழு இருந்தது’ என்று எழுதி, அவள் அதை கேட்டில் மாட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. தண்ணீர் இறைக்கிற சத்தம். வாளி வாளியாக இறைத்துக் கொட்டுகிறார்கள். பின்பக்கக் குழாய் வழியாகச் சாக்கடையில் தண்ணீர் பாய்ந்து வந்தது. அஞ்சு நாளைக்கு வைத்திருந்த தண்ணீர்.

பரவாயில்லையே, புத்தி வந்துவிட்டதே என்று அவள் ஒரு கணம் நினைத்தாள். பெற்றவளுக்கும் வளர்த்தவளுக்கும் பிள்ளைப் பயம் என்று ஒன்று இருக்கத்தானே செய்யும்?

சமையற்கட்டு ஜன்னல் திறந்திருந்தது. சொர்ணலட்சுமி ஆஸ்பத்திரியில் இருக்கிற மருமகள் தீபாவோடு போனில் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"பாப்பா எப்புடித்தா இருக்கா? இன்னும் ஏத்துறாங்களா?… ஆமாத்தா, அம்புட்டுத் தண்ணியும் கொட்டியாச்சு. மஞ்சளும் உப்பும் போட்டுத் தேச்சுக்கிட்டு இருக்கேன்… புழுவுக்கு இல்லத்தா, அதான் மருந்து ஊத்திட்டாங்கள்ல? அவ கைய விட்டுட்டா தொட்டிக்குள்ள. முழங்கை வரைக்கும்! எப்புடி வச்சுக் குடிக்கிறது?"

அங்காளம்மாள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காய்ச்சலுக்குக் கொட்டாத தண்ணீர். சட்டத்துக்குக் கொட்டாத தண்ணீர். எம்.எல்.ஏ. நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லியும் கொட்டாத தண்ணீர். அட பாவிகளா! நாலாந்தேதி இந்தக் கையில் ஒரு விரலை அதற்குள் விட்டிருந்தால் போதுமே. அன்றைக்கே கொட்டித் தேய்த்திருப்பார்களே. பாப்பா இந்நேரம் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்குமே. கேட்டுக்குள்ளே குடுகுடுவென்று ஓடி வந்து, "அங்காளம்மா, புழு காட்டு" என்று கேட்கிற பிள்ளை அது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த வீட்டு கேட்டில் அந்த வீட்டுக்காரி சொம்போடு தயாராக நின்றாள். "வா வா, சீக்கிரம் பாத்துட்டுப் போ. இங்க ஒரு புழுவும் இல்ல."

அங்காளம்மாள் சொம்பைப் பார்க்கவில்லை. கேட்டைத் தள்ளினாள். செருப்பைக் கழற்றினாள். கூடத்தைத் தாண்டி நேராகச் சமையற்கட்டுக்குப் போனாள்.

"ஏய், ஏய்! எங்கடி போற?"

உள்தொட்டியின் மூடியைத் தூக்கினாள். டார்ச் அடிக்கவில்லை, கரண்டியை எடுக்கவில்லை. கோட்டுக் கையைத் தோள்வரைக்கும் ஏற்றிவிட்டு, வலது கையை முழங்கை முங்கத் தண்ணீருக்குள் விட்டு இரண்டு சுற்றுக் கலக்கினாள். பின்னால் ஓடிவந்தவள் சமையற்கட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அங்காளம்மாள் கையை உதறினாள். அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டாள்.

"தண்ணியக் கொட்டித் தேச்சு விட்டுருங்கம்மா," என்றாள். "புள்ளைகளுக்குக் காச்ச வராது."

தெருவில் இன்னும் இருபத்திரண்டு வீடுகள் இருந்தன.