இனாமுரா தரையிறக்கிய ஆள்

மலேசியாவில், பெடாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய மறுநாள் காலை, ரோகினியின் புருஷன் வீரமுத்து செம்பனை உயரத்துக்கு மிதந்து போனான். காரணம் தேடி யாரும் மெனக்கெடவில்லை. பழைய மானேஜர் பங்களாவில் வாடகைக்கு இருந்த ஜப்பான் எழுத்தாளர் இனாமுரா புதுக்கதை தொடங்கியிருந்தார், அவ்வளவுதான். தோக்கியோவில் காலமெல்லாம் விண்வெளிக் கதையாக எழுதித் தள்ளிய மனுஷன். அங்கே எழுதியதெல்லாம் தாளோடு நின்றது. இங்கே வந்த பிறகு எழுதியது எழுதியபடியே தோட்டத்தில் நடந்தது. செவ்வாய்க் கிரகத்து மழை என்று எழுதினார், லயத்து வீடுகளின் கொடியில் கிடந்த துணியெல்லாம் சிவந்தது. பெண்கள் திட்டிக்கொண்டே துவைத்துப் போட்டார்கள்.

வேலை வாங்கும் மண்டோருக்கு வாயெல்லாம் பல், உயரக் குலையை வெட்ட ஆள் கிடைத்தானே! ரோகினிதான் வேலியையே பார்த்துக்கொண்டு நின்றாள். புருஷன் கையிலும் காப்பு; கட்டியவன் திருவிழா முடியும்வரை எல்லை தாண்டக் கூடாது. காற்றும் அதை மதித்து, வீரமுத்துவை வேலிவரை தள்ளிவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தது. ஞாயிறன்று காப்பு அவிழ்ந்தால்? சுமத்ரா வரைக்கும் போய்விடுவானே, பாவி மனுஷன்! இனாமுராவுக்குச் சமைப்பவள் அவள்தான். சட்டியை இறக்கி வைத்துவிட்டு நேரே கேட்டாள். அவளிடமே கற்ற அரைகுறைத் தமிழில் அவர் கையை விரித்தார்: தன் கதைகளில் மேலே போனவர் திரும்புவதில்லை, அதற்குத்தான் தனக்குப் பேரும் பரிசும்.

“ஒங்க பேரு நல்லா இருக்கட்டும், அங்கிள். எனக்கு எம் புருஷன் வேணும் லா. மேல போனவங்களுக்கெல்லாம் வீட்டுல ஆளே இல்லியா?”

கிழவர் அன்று சோற்றைத் தொடவில்லை. இப்படி ஒரு விமர்சகரும் அவரைக் கேட்டதில்லை. எழுத உட்கார்ந்தார். ஆனால் இறக்கிப் பழக்கமில்லாத கையாயிற்றே! எழுதும்போது வீரமுத்து கொஞ்சம் இறங்குவான், தாளைக் கிழித்ததும் ஏறிவிடுவான். ரோகினி அண்ணாந்து புருஷனையும் திரும்பிக் கிழவரையும் திட்டுவாள். ஞாயிறு சாயங்காலம் பூசாரி அம்மன் காப்பை அவிழ்க்க, வீரமுத்து கையிலிருந்ததும் தானாக அவிழ்ந்து விழுந்தது. காற்று தள்ளி, வேலியைத் தாண்ட ஒரு முழம் இருக்கையில் இனாமுரா கடைசி வரியை முடித்தார்; அப்பாடா, ஆள் மெல்ல இறங்கினான். ரோகினி அவனை அடித்தாள், கட்டிக்கொண்டு அழுதாள், மறுபடி அடித்தாள்.

அந்தப் புத்தகம் பின்னால் ஜப்பானில் விலைபோகவில்லை. இனாமுரா அதைச் சிரித்துக்கொண்டே சொல்லி, இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டார். ஆனால் ஆள் இறங்கிய அந்த ஞாயிறன்று அவருக்கு ஒரே சங்கடம்; வீரமுத்துவின் பாதம் தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. திருத்தித் தருகிறேன் என்று பேனாவோடு ஓடிவந்தார்.

“ஐயோ, மறுபடி எழுதாதீங்க, அங்கிள்! கைக்கு எட்டுறாரு, போதும்.”

திங்கள் காலை வீரமுத்து அந்த ஒரு சாண் உயரத்திலேயே வேலைக்கு நடந்து போனான்.