ஒன்றரைச் சுற்று

வலது கையில் நான்கு நகங்களை வெட்டி முடித்திருந்தாள். கட்டைவிரலுக்கு வந்ததும் அப்பா கையை இழுத்துக்கொண்டார்.

"அது இருக்கட்டும்."

"இன்னும் யாருக்கு வாசிக்கப் போறீங்க? போர்வையெல்லாம் கீறுது."

"இருக்கட்டும்னு சொன்னேன்ல."

நகவெட்டியை மடித்துப் பைக்குள் போட்டாள். பதினோரு நாளாக அதே நாற்காலி, முதுகு பலகையாகியிருந்தது. காலையில் வந்த மருத்துவர் காகிதங்களை மட்டும் பார்த்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போயிருந்தார்.

சற்று நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே அப்பா சொன்னார். "கம்பியை இறக்கிடும்மா."

கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியை இறக்கினாள். பாதியில் சிக்கிக்கொண்டது, முழங்காலால் ஒரு தட்டு தட்ட வேண்டியிருந்தது. அவர் தலை லேசாக ஆடியது. போதும் என்றா, இல்லை என்றா, தெரியவில்லை.

அந்தச் சத்தத்துக்கு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "யாரு கம்பியை இறக்கினது? ஐயா உருண்டு விழுந்தா நான்தான் பதில் சொல்லணும்." ஒரே இழுப்பில் மேலே ஏற்றிப் பூட்டிவிட்டுப் போனாள்.

"இறக்கிட்டியா?" என்றார் அப்பா.

"இறக்கிட்டேம்பா."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. அதற்குத் தெம்பும் இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

நான்கு மணிக்கு அவர் உயிர் போனபோது, அவள் கீழே தேநீருக்கு வரிசையில் நின்றிருந்தாள்.

மறுநாள் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தார்கள். கூடத்தில் வாடகை நாற்காலிகள் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தன. டமால் மட்டும் போகவில்லை. அப்பா வாசித்த ஓட்டல் இசைக்குழுவில் முப்பது வருடம் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் அடித்தவர். அவள் நடக்கப் பழகிய நாளிலிருந்தே அவருக்கு அதுதான் பெயர்.

"தாளத்துல ஒரு நாளும் எனக்கு முன்னாடி ஓடினவன் இல்ல உங்கப்பா. இதுல முந்திட்டான் பாரு," என்றார்.

அவள் தண்ணீர் கொடுத்தாள். அவர் வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"போன வாரம் போன்ல பேசினான் பாப்பா. மூச்சு வாங்குது, ஆனா புலம்பலை நிறுத்தல. மியூசியத்துல அவன் கிட்டாரை முறுக்கேத்தியே வச்சிருக்காங்களாம். 'யாருடா இனிமே வாசிக்கப் போறா, கம்பியை இறக்கி வைக்கச் சொல்லணும்'னான். உன்கிட்ட சொல்லலையா?"

அவள் அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சொன்னார்," என்றாள்.

அந்த வீட்டில் கம்பி என்றால் ஒரு காலத்தில் வேறு எதுவும் இல்லை. ஓட்டலிலிருந்து வந்ததும் அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் கிட்டாரை மடியில் கிடத்தி, ஆறு திருகுகளையும் ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் திருப்புவார். திருகுக்கு ஒன்றரைச் சுற்று. ஒவ்வொரு கம்பியும் முனகிக்கொண்டே கீழே இறங்கும். அது முடியும்வரை யாரும் அவரிடம் எதுவும் கேட்கக் கூடாது. அம்மா இருந்தவரை, அவர் கோபமாக வந்த நாட்களில், "முதல்ல கம்பியை இறக்குங்க, அப்புறம் கத்துங்க," என்பாள். சிறுமியான இவள் படுக்கையில் இருந்தபடி ஆறாவது முனகலை எண்ணிவிட்டுத் திரும்பிப் படுப்பாள். அப்பா வந்துவிட்டார்.

இதையா மறந்தாள்?

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்து அருங்காட்சியகத்துக்குப் போனாள். விரல்கள் மடங்கத் தொடங்கிய வருடம் அப்பா கிட்டாரை அங்கே கொடுத்தார். பேருந்தில் திரும்பும்போது, "எனக்கு முன்னாடி அது கண்ணாடிக்குள்ள போயிடுச்சு," என்று சிரித்தார். பிறகு அவள் அந்தப் பக்கம் போகவே இல்லை. அவர் மட்டும் போய்வந்துகொண்டிருந்தார்.

அலுவலர் அவளைவிட இளையவர். எழுந்து நின்று துக்கம் விசாரித்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"திருகுக்கு ஒன்றரைச் சுற்று. அதுக்கு மேல வேண்டாம். கம்பியைத் தாங்குற குதிரைக்கட்டையை மரத்தோட ஒட்டியிருக்க மாட்டாங்க, கம்பி அழுத்தத்துலதான் நிக்குது. மொத்தமா விட்டா சாஞ்சிடும்."

"நீங்களும் வாசிப்பீங்களா?"

"இல்ல. கேட்டிருக்கேன்."

அவர் கோப்பை எடுத்து ஒரு தாளை அவள் பக்கம் திருப்பினார். நன்கொடைப் படிவம். நிபந்தனைகள் என்ற இடத்தில் அப்பாவின் சாய்ந்த கையெழுத்து: எப்போதும் சுருதி சேர்த்து, வாசிக்கத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

"இதுக்காகவே மாசம் ஒரு தடவை ஆள் வந்து சுருதி சேர்க்கிறார். கம்பியை இறக்கச் சொல்லி ஐயா முன்னாடியே வாய்ப்பேச்சாச் சொன்னாங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கன்னு கேட்டேன். அப்புறம் வரல."

"அவர் கடைசியா சொன்னதே இதுதான்."

"யார்கிட்ட?"

"என்கிட்ட."

"கிட்டார்னு சொன்னாங்களா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கம்பின்னு சொன்னார்."

"அப்ப வேற யாராவது இருந்தாங்களா?"

"நர்ஸ் வந்தாங்க. அவங்களும் கட்டிலைத்தான் நினைச்சாங்க."

அலுவலர் பேனாவை மூடினார். மறுக்கிறவர் முகம் இல்லை அது. "குடுத்தவங்க எழுதினதை நாங்க மாத்த முடியாதுங்க. தப்பா நினைக்காதீங்க," என்றார்.

"இல்ல," என்றாள். தப்பாக நினைக்கவும் தெம்பு வேண்டும்.

வெளியே போகும் வழியில்தான் அந்த அறை. தேன் நிறத்தில், நடுவில் வட்டத் துளை இல்லாமல், வயலினில் இருப்பதுபோல இரண்டு நெளிந்த துளைகளோடு கிட்டார் நின்றது. மேல் துளையின் ஓரத்தில், கட்டைவிரல் நகம் உரசி உரசி, நிறம் போய் வெறும் மரம் தெரிந்தது. எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை.

"கம்பியில சாயாதீங்கம்மா," என்றார் காவலாளி.

பார்வையாளர்களுக்கான தடுப்புக் கம்பியிலிருந்து அவள் கையை எடுத்துக்கொண்டாள். கண்ணாடிக்குள் ஆறு கம்பிகளும் சுருதியில் இருந்தன.