விந்தார்த்தியின் தொண்டை

விந்தார்த்தியின் தொண்டை குதுஸ் ஊரில் பேர்போன தொண்டை. கிராம்பு சிகரெட் ஆலையில் சிகரெட் சுருட்டும் மேசை முன் உட்கார்ந்து அவள் சிரித்தால், வாசல் காவலாளி என்னமோ ஏதோவென்று எட்டிப் பார்ப்பார். அந்தத் தொண்டையால் உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் பிரயோசனம் இருந்தது. அந்த ஆள் பக்கத்து வீட்டுப் பிள்ளை நரேஸ்வரி.

நரேஸ்வரியின் அம்மாவுக்கும் அதே ஆலைதான், ஆனால் மதிய ஷிப்ட். அதனால் பிள்ளையைத் தெருமுனை இறகுப்பந்து ஆட்டக்கூடத்துக்குக் கூட்டிப்போவதும் திரும்பக் கூட்டிவருவதும், காலை ஷிப்ட் முடிந்து வருகிற விந்தார்த்தியின் வேலையாயிற்று. தனக்கென்று பிள்ளை குட்டி இல்லாதவள், ஆசை ஆசையாகச் செய்தாள். அந்தக் கூடத்தில் கூரை தாழ்வு, விளக்கு கண்ணில் குத்தும். பந்து மேலே போனால் பிள்ளைக்குக் கண் கூசிவிடும். பின்கோட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் விந்தார்த்தி, பந்து கோட்டைத் தாண்டத்தான் போகிறது என்று தெரிந்தால், "விடு" என்று ஒரு கத்து கத்துவாள். பிள்ளை மட்டையை அப்படியே நிறுத்திவிடும். பந்து போய் வெளியே விழும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் இரண்டு பேருக்கும் படிந்துபோன பழக்கம் அது. "ஆடுறது நீயா, உங்க பெரியம்மாவா?" என்று பயிற்சியாளர் கேலி செய்வார். அதைக் கேட்டு விந்தார்த்திக்கு உள்ளூரப் பெருமைதான். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

இப்போது நரேஸ்வரிக்குப் பதினேழு வயது. தேசிய முகாமில் ஒற்றையர் ஆட்டக்காரி. குதுஸில் அவளுக்கென்று ஒரு ரசிகர் கூட்டமே சேர்ந்துவிட்டது. ஜகார்த்தாவில் பெரிய போட்டி என்றால் பஸ் பிடித்து, ஒரே நிறத்தில் சட்டை போட்டு, தட்டுவதற்குக் காற்றடைத்த குச்சிகளோடு இஸ்தோரா அரங்கில் போய் இறங்கிவிடுவார்கள். தலைவி லிஸ்தியா, துணிக்கடைக்காரி, கைப்பேசியும் கையுமாகவே பிறந்தவள். தாளத்துக்கு ஜால்ரா தட்டுவதும் கேலி பேசுவதும் காஸ்மாதியின் பொறுப்பு. விந்தார்த்திக்குக் கூட்டத்தில் தனி மரியாதை உண்டு, நரேஸை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் என்று.

இந்த முறை ஒரு பயம் எல்லோருக்கும் இருந்தது. முகாமில் யார் தங்குவது, யார் ஊர் திரும்புவது என்று அடுத்த மாதம் முடிவு செய்வார்கள். நரேஸ் நடுவில் நாலைந்து போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றிருந்தாள். இதில் கால் இறுதியைத் தாண்டினால் தப்பிப்பாள் என்று பேச்சு.

கால் இறுதியில் ஒரு ஜப்பான் பெண். மூன்றாவது ஆட்டம் வரை இழுத்தது. நரேஸ் ஓங்கி அடிக்கும் போதெல்லாம் அரங்கம் மொத்தமும் "ஏ...யா" என்று கூடச் சேர்ந்து அடித்தது. விந்தார்த்தி அடித்துப்பிடித்துப் பின்கோட்டுக்கு நேராக, கீழ் வரிசையில் இடம் பிடித்திருந்தாள். பழைய பிளாஸ்டிக் நாற்காலி இருந்த அதே திசை. எதிராளிக்கு வெற்றிக்கு ஒரே ஒரு புள்ளி பாக்கி, நரேஸ் ஒரு புள்ளி பின்னால். ஜப்பான் பெண் பந்தை உயரத் தூக்கி அடித்தாள். பந்து மேலே போனதும் அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டது. நரேஸ் பின்னால் ஓடிவந்து மட்டையை ஓங்கினாள். பந்து கோட்டைத் தாண்டும் என்று விந்தார்த்திக்குத் தோன்றியது. தோன்றியதற்கும் வாய் திறந்ததற்கும் இடையில் யோசனை என்று எதுவுமே இல்லை.

"விடு."

நரேஸின் கை அந்தரத்தில் நின்றது. பந்து இறங்கி, கோட்டின் மேலேயே விழுந்தது.

குதுஸ் கூடத்தில் ஜன்னல் காற்று பந்தை வெளியே தள்ளும். இஸ்தோராவில் குளிர்சாதனக் காற்று எதிர்த்திசையில் வீசி உள்ளே தள்ளுகிறது. அது ஆடுகிற பிள்ளைக்குத் தெரியும், நாலு நாளாக அங்கேயே ஆடுகிறாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியவில்லை. நரேஸ் மறுபரிசீலனை கேட்டாள். பெரிய திரையில் பந்தின் நிழல் கோட்டைத் தொட்டபடி வந்து நின்றது. உள்ளே. ஆட்டம் முடிந்தது.

விந்தார்த்தி கையிலிருந்த குச்சியை மடியில் வைத்துவிட்டுக் குனிந்துகொண்டாள். நாலு வரிசை தள்ளிப் படம் எடுத்துக்கொண்டிருந்த லிஸ்தியா, "சே, அதப் போய் விட்டாளே" என்றாள். யாருக்கும் தெரியவில்லை. எல்லோர் உயிரும் பந்தின் மேலேயே இருந்த நேரத்தில் யார் குரலை யார் கவனித்தார்கள்? அந்த நேரத்தில் விந்தார்த்திக்கு முதலில் வந்தது துக்கமல்ல, நிம்மதி. அதை நினைத்துத்தான் பிறகு அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வெளியே வந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் கைப்பேசிகளில் வசவு கொட்ட ஆரம்பித்துவிட்டது. ரீல்ஸ் ஆடத் தெரிகிறது, பந்து எங்கே விழும் என்று தெரியவில்லை என்றான் ஒருவன். தலைக்கனம் என்றாள் ஒருத்தி. மூட்டை கட்டி ஊருக்கு அனுப்புங்கள் என்றது இன்னொன்று. ஊர்பேர் தெரியாதவர்கள் எழுதினால் போகட்டும். தங்கள் சொந்தக் குழுவிலேயே காஸ்மாதி, "பஸ் காச அவகிட்ட வசூல் பண்ணுங்கப்பா" என்று எழுதியிருந்தான். சிரிப்புப் படங்கள் வரிசையாக விழுந்தன.

"என்னக்கா, நீங்க மட்டும் வாயத் தொறக்காம இருக்கீங்க?" என்றாள் லிஸ்தியா. "வளத்த பாசம் தடுக்குதா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். விந்தார்த்தி கைப்பேசியை எடுத்துத் தட்டினாள்: "சின்னப் புள்ளகூட அடிச்சிருக்கும் அந்தப் பந்த."

இதயங்கள் குவிந்தன. பெரியம்மாவே சொல்லிட்டாங்க என்று நாலு பேர் எழுதினார்கள். அவள் சோற்றுப் பொட்டலத்தைத் திரும்ப மடித்து வைத்தாள்.

ஜெயித்தாலும் தோற்றாலும் வீரர்கள் வெளிவரும் வாசலில் போய் நிற்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம். விந்தார்த்தி எப்போதும் ஜெனாங் கொண்டுவருவாள், அரிசிமாவும் வெல்லமும் தேங்காய்ப்பாலும் போட்டுக் கைவலிக்கக் கிண்டியது. அன்றைக்கு அந்த டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தடுப்புக் கம்பி ஓரமாக நின்றாள். நரேஸ் தோளில் பையோடு வந்தாள். கண் வீங்கியிருந்தது. ஒரு நிருபர் வழிமறித்து, அந்தக் கடைசிப் பந்தை ஏன் விட்டாய் என்று கேட்டார்.

"என் கணிப்பு தப்பு. வேற காரணம் ஒண்ணுமில்ல," என்றாள் நரேஸ்.

பிறகு நேராக விந்தார்த்தியிடம் வந்து, அவள் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.

"ஜெனாங் கொண்டாந்தீங்களா பெரியம்மா?"

"கொண்டாந்தேன் கண்ணு." விந்தார்த்தி டப்பாவை நீட்டினாள். குரலைத் தாழ்த்தினாள். "நரேஸ், அந்தப் பந்து..."

"தெரியும் பெரியம்மா. எத்தன பேரு கத்துனாலும் உங்க சத்தம் மட்டும் எனக்குத் தனியா கேக்கும்."

விந்தார்த்தி கம்பிமேல் சாய்ந்து அவள் பக்கம் குனிந்தாள். "நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்டி. நான்தான்னு சொல்லிடறேன்."

"வேணாம். என்னையே இந்தக் கிழி கிழிக்கிறாங்க, உங்கள சும்மா விடுவாங்களா? எனக்குப் பழகிருச்சு."

பதினேழு வயதில் பழகிவிட்டதாம். அதைக் கேட்டபோது விந்தார்த்திக்குத் தான் எழுதிய அந்த ஒற்றை வரி ஞாபகம் வந்தது. அதை நரேஸ் பார்த்திருப்பாளோ? பார்த்திருந்தால்தான் என்ன, பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவா போகிறாள்?

"முகாம்ல என்ன சொல்றாங்க?"

"அடுத்த மாசம் தெரியும். பயிற்சியாளர் எங்கிட்ட பேசவே இல்ல." நரேஸ் டப்பாவைப் பைக்குள் வைத்தாள். போகத் திரும்பியவள் நின்றாள். "பெரியம்மா, கோவிச்சுக்காதீங்க. அடுத்த தடவ வந்தா மேல போய் உக்காருங்க. பின்கோட்டுகிட்ட வேணாம். உங்க சத்தம் கேட்டா என் கை எனக்கே அடங்க மாட்டேங்குது."

அவள் முகத்தில் கோபம் துளிக்கூட இல்லை. ஒரு அறை அறைந்திருந்தால் தேவலை என்று விந்தார்த்தி நினைத்தாள்.

பின்னாலிருந்து காஸ்மாதி கையைக் குவித்துக் கத்தினான். "ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கம்மா நரேஸ்." கூட்டம் சிரித்தது. நரேஸும் சிரித்து, அவர்களைப் பார்த்துத் தலை தாழ்த்தி வணங்கிவிட்டு வேனில் ஏறினாள்.

சாயங்காலம் பஸ் ஊரைப் பார்த்துக் கிளம்பியது. சுங்கச் சாலையில் ஏறியதும் லிஸ்தியா தான் எடுத்த படத்தைப் போட்டுக் காட்டினாள். கடைசிப் பந்து, உயரே போகிறது, அரங்கம் அமைதியாகிறது. அந்த அமைதியில் தெளிவாக ஒரு குரல்.

"யாருடா இது, நடுவுல கத்துறது?" என்றான் காஸ்மாதி. "இன்னொரு தடவ போடு."

லிஸ்தியா இன்னொரு தடவை போட்டாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி விந்தார்த்தியைப் பார்த்தாள். விந்தார்த்தி தப்பிக்கப் பார்க்கவில்லை. தப்பிக்கிற தெம்பு அவளுக்குத் தீர்ந்துபோயிருந்தது.

"நான்தான்," என்றாள். "சின்ன வயசுலேர்ந்து நான் விடுன்னா விட்டுருவா. இன்னிக்கும் விட்டுட்டா."

லிஸ்தியா ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தினாள்.

"அப்ப சின்னப் புள்ளகூட அடிச்சிருக்கும்னு எழுதுனது?" என்றாள் லிஸ்தியா.

"அதுவும் நான்தான். பயந்துகிட்டு எழுதுனேன்."

காஸ்மாதி ஜால்ராவைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான். லிஸ்தியாதான் முதலில் சுதாரித்தாள். "சரிக்கா, ஆனது ஆச்சு. சத்தத்த எடுத்துட்டு வெறும் படமாப் போட்டுடலாம். வெளிய தெரிஞ்சா நம்ம குழு பேரு நாறிடும். இஸ்தோரா வாசல்லயே நிறுத்திருவாங்க நம்மள."

"அப்ப அவ பேரு?"

"சின்னப் பொண்ணு, தாங்கிக்குவா."

"சின்னப் பொண்ணு, அதனால தாங்கிக்கணுமா?" விந்தார்த்தி எழுந்து, இருக்கைகளைப் பிடித்துக்கொண்டு லிஸ்தியாவிடம் வந்தாள். "என்னப் படம் எடு."

"எடுத்தா அவள முகாம்ல வெச்சுக்குவாங்கன்னு நெனக்கிறீங்களா?"

"தெரியாது. அவ கண்ணு நல்லாத்தான் இருக்கு, எங் கண்ணுதான் நொள்ளன்னு எல்லாருக்கும் தெரியட்டும். எடும்மா."

லிஸ்தியா கைப்பேசியைத் தூக்கினாள். விந்தார்த்தி தன் பேர், ஊர் சொல்லி, நடந்ததைச் சொல்லி, தான் எழுதியதையும் சொன்னாள். லிஸ்தியா உதட்டைப் பிதுக்கினாள்.

"யாரும் நம்ப மாட்டாங்கக்கா. பொண்ணக் காப்பாத்த கெழவி பழிய ஏத்துக்குதும்பாங்க. அதே மாதிரி ஒருக்கா கத்துங்க. படத்துல இருக்கற சத்தத்தோட சேத்துப் போடுறேன்."

விந்தார்த்தி வாயைத் திறந்தாள். "விடு" என்று வந்தது, காதோடு சொல்கிற அளவுக்கு. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முயன்றாள். வெறும் காற்றுதான் வந்தது. இத்தனை வருஷம் கேட்காமலே வந்து விழுந்த கத்தல், வாயை மூடியிருக்க வேண்டிய அன்றைக்குத் தானாகவே குதித்த கத்தல், இப்போது கூப்பிட்டால் வர மறுத்தது. யாரோ தண்ணீர் நீட்டினார்கள், வேண்டாம் என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். தாழ்ந்த கூரை, கூசும் விளக்கு, மட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி தன் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு ஓடிவருகிற அந்தச் சின்னஞ்சிறு முதுகு.

"விடு."

டிரைவர் சுகெங் அலறியடித்து பிரேக்கை மிதித்தார். மேலே வைத்திருந்த பைகள் சரிந்து விழுந்தன. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். "என்னம்மா ஆச்சு, யாரு மேலயாவது ஏத்திட்டனா?" என்று கேட்டபடி அவர் திரும்பினார். அது எந்தக் குரல் என்று பஸ்ஸில் யாருக்கும் சந்தேகம் மிச்சமில்லை.

"பதிவாயிருச்சு," என்றாள் லிஸ்தியா. விரல் அந்தரத்திலேயே நின்றது. "அக்கா, போட்டா திரும்ப எடுக்க முடியாது. இனிமே உங்கள எந்த அரங்கத்துக்குள்ளயும் விட மாட்டாங்க. மேல் வரிசைக்குக்கூட."

விந்தார்த்தி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மேல் வரிசையில் உட்காரச் சொன்ன பிள்ளையின் முகம் ஒரு கணம் வந்து போனது.

"போடு," என்றாள்.