பூவம்மா அளவுக்கு ஒரு வேன்

தயாபரன் நாலு மாசமாய்ப் பார்த்துப் பார்த்துச் செய்த வேனில் அவன் பொண்டாட்டிக்கு இடம் இருந்தது. அவள் பெட்டிக்கு இடமில்லை.

பதுளையில் வண்டிகளுக்குச் சீட்டுத் தைக்கிற குஷன் கடை வைத்திருக்கிறவன் அவன். வேன் வாடிக்கைக்காரன் றுஷ்தியுடையது. கொழும்பு வாகனக் கண்காட்சிக்கு ஜப்பான் வீடு மாதிரி உள்ளே மாறுகிற வேன் ஒன்று வேணுமென்று றுஷ்தி ஒற்றைக்காலில் நின்றான். பகலில் தரை முழுக்கக் கோரைப்பாய், நடுவே குட்டை மேசை, ஓரத்தில் தள்ளுகிற மெல்லிய மறைப்பு. மேசையைத் தரைக்குள் இறக்கினால் படுக்கை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பூ வைக்க ஒரு மாடம். சும்மா சொல்லக்கூடாது, பார்த்தவனெல்லாம் வாயைப் பிளந்தான்.

படுக்கைக்கு அளவெடுத்தது பொண்டாட்டி பூவம்மாவை வைத்துத்தான். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள், மருந்து வாங்க டவுனுக்கு வந்த அன்று அவளைப் படுக்கச் சொன்னான். "கால் முட்டுதுங்க, இன்னும் நாலு அங்குலம் விடுங்க" என்றாள். விட்டான். பிறகு அவன் செருப்போடு ஏறப் போனான். அவ்வளவுதான், ஒரே கத்தல். "சாமி ரூமுக்குள்ள இப்பிடித்தான் போவீங்களா? கழட்டுங்க!" அன்றிலிருந்து அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் கேள்வியே, "இன்னைக்குச் செருப்போட ஏறலியே?" என்பதுதான்.

இன்று காலை ஆஸ்பத்திரியில் அவள் போய்விட்டாள். நெஞ்சுவலி என்று முந்தாநாள் சேர்த்தது. தயாபரனுக்கு அழுகை வரவில்லை. கையெழுத்துக் கேட்ட இடத்தில் போட்டான். தேத்தண்ணி கொடுத்தார்கள், குடித்தான். மழையில் தோட்டத்து ரோட்டில் பாதி சரிந்து கிடந்தது. மலர்ச்சாலைக்காரர்களின் சவ வண்டி பெரிசு, வளைவில் திரும்பாது என்று கையை விரித்துவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் அவளைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கணும். அது ஒன்றுதான் அவன் மண்டைக்குள் ஓடியது.

"நம்ம வேன் சின்னதுதானே அண்ணே, கொண்டு போங்க" என்றான் றுஷ்தி. நாளை மறுநாள் கண்காட்சி. பிணம் ஏற்றிய வண்டி என்று பேர் வந்தால் ஒருத்தன் கிட்ட வரமாட்டான். அது தெரிந்துதான் சொன்னான், நல்ல மனுசன்.

சவப்பெட்டியை ஏற்றினால் மாடத்தில் போய் இடித்தது. பின்கதவு சாத்த முடியவில்லை. மாடத்தை உடைத்துவிடுவோம் என்று றுஷ்தி சுத்தியலைக் கையில் எடுத்துவிட்டான்.

"வேணாந் தம்பி. இது அவ அளவு. அப்பிடியே படுக்கட்டும்" என்றான் தயாபரன்.

வெறும் பெட்டியை த்ரீவீலர் கூரையில் கட்டி முன்னால் அனுப்பினார்கள். பூவம்மா பாயில் கால் நீட்டிப் போனாள். எங்கேயும் முட்டவில்லை. முன்சீட்டிலிருந்த தயாபரன் வழியெல்லாம் கண்ணாடியில் ஓடுகிற வைப்பரையே பார்த்துக்கொண்டு வந்தான்.

லயத்தில் நாலு பேர் தூக்க வந்தார்கள். பாயைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிக் கீழே விட்டார்கள். தயாபரன் மட்டும் சேறு அப்பிய செருப்போடு விறுவிறுவென்று ஏறி, அவள் தலைமாட்டில் குந்தினான். புதுப்பாயில் அச்சு அச்சாய்ச் சேறு.

தயாபரன் குனிந்து பாயைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

"செருப்போட ஏறிட்டேன்டி" என்றான்.

தூக்க வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பூவம்மா, செருப்போட ஏறிட்டேன்" என்று இன்னொரு தடவை சத்தமாய்ச் சொன்னான். அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது.