கலியன் தறிக்குழியில் நின்ற அணை

சின்ன காஞ்சிபுரத்துக் கலியனின் தறிக்குழியில் மலையணையின் தண்ணீர் நின்றது. அணை இங்கேயா இருக்கிறது கண்ணுகளா, பேருந்தில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். காங்கிரீட் அணை, மின்சாரம் எடுத்துவிட்டு இறக்குகிற தண்ணீரைத்தான் வழியிலுள்ள ஊர்களும் நாமும் குடிக்கிறோம். அங்கே ஏறினால் குழியிலும் ஏறும். கலியன் தண்ணீருக்குள்ளேயே மிதிகட்டையை மிதித்து நெய்தான். அவன் காலைக் கடிக்கிற கெண்டைகளை மனைவி செல்லியம்மாள் திட்டினாள். தெருவில் போகிறவர்கள் சன்னலில் தலைநீட்டி, "தண்ணி எங்கபா இருக்குது?" என்பார்கள். "முட்டிக்கு மேலபா" என்றால் வீட்டுக்குப் போய்க் குடங்களைக் கழுவி வைப்பார்கள்.

மகள் ஜீவிதா அந்த அணையிலேயே பொறியாளரான வருஷம், ஐப்பசி மழை விடவில்லை. குழிச்சுவரில் என்றைக்கும் சொட்டுகிற ஊசித்துளைகள் ஜரிகையில் தெறிக்கத் தொடங்கின. முகூர்த்தப் புடவை. கலியன் விரலில் சாம்பல் தொட்டு, பட்டுக்கழிவைத் திரித்து, கஞ்சியில் தோய்த்து எல்லாத் துளைகளையும் அடைத்தான்.

மறுநாள் அணைக்குள் இருக்கும் சுரங்கத்தில், சுவர்த் துளைகளின் கசிவு நின்றது. மேலதிகாரி லட்டு கொடுத்தார். ஜீவிதா தின்னவில்லை. அணைக்கு அடியில் புகுந்து மேலே நெம்புகிற தண்ணீரை வெளியே விடத்தான் அந்தத் துளைகளே. அளந்து பார்த்தாள், அணை ஒரு மயிரிழை எழும்பியிருந்தது. புதுத் துளை போட ஆட்களோடு சுரங்கத்தில் இறங்கி, அங்கிருந்தே கைபேசியில் கலியனிடம் பேசினாள்.

"அப்பா, குழியில எதுனா அடைச்சியா?"

"ஜரிகை கறுத்துடும்னு அடைச்சேம்மா. ஓட்டையப் பார்த்துட்டு சும்மா இருக்கிற கையா இது?"

"எடுத்துடுப்பா. நான் அணைக்குள்ளதான் இருக்கேன்."

அதற்குள் தண்ணீர் குழி விளிம்பைத் தொட்டிருந்தது. வீட்டுத் தரை ஒருபக்கம் தூக்கி, குண்டான்கள் உருண்டன. குழிக்கு மேலே நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல் விறைப்பாக நின்றது. அறுக்காமல் இறங்க வழியில்லை. ஓடும் பாவை அறுத்தவன் அந்தத் தெருவில் கிடையாது.

"வாணாம் கலியா, குடும்பத்துக்கு ஆவாது" என்றார் பக்கத்துத் தறி பழனி.

"பாவு அறுந்தா வேற பாவு போட்டுக்கலாம். பொண்ண எங்கய்யா போய் வாங்கறது?" செல்லியம்மாள் அரிவாள்மனையை நீட்டினாள்.

கலியன் அறுத்தான். முழுகினான். இறங்க இறங்கக் குழி ஆழமானது. தண்ணீரில் சிமெண்டு வாடை அடித்தது. ஒவ்வோர் அடைப்பையும் பல்லால் கடித்து இழுத்தான். தரை முனகிக்கொண்டு உட்கார்ந்தது. கைபேசியில் ஜீவிதா அழுகிற சத்தம், அதற்குப் பின்னால் சொட்டுகிற சத்தம்.

இப்போது ஜரிகைக்கு மேல் பாலித்தீன் கட்டி நெய்கிறான். சொட்டு கொஞ்சம் தாமதித்தால் தெருவே தறியை நிறுத்திக் காது கொடுக்கிறது. விழுந்ததும் நெய்யத் தொடங்குகிறது.