கறிக் குலுக்கலுக்கு முன் ஒரு பாட்டு

ஒரு காலத்தில் லொரெல் டிரான்டரின் 'லாரிக்காரா' ஒலிக்காத சமையலறை ஆஸ்திரேலியாவில் கிடையாது. விருது, பத்திரிகை அட்டை, தொலைக்காட்சி என்று ஓகோவென்று இருந்தாள். அப்போதிலிருந்து அவளுக்கு டிரம்ஸ் வாசிக்கிறவன் நான், டெஸ். அந்தப் பாட்டை நினைத்தாலே இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

லொரெலுக்குத் தொண்டையில் புற்றுநோய். ஒரு செவ்வாய்க்கிழமை குரல்வளையையே எடுத்துவிடுவதாக இருந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, டப்போ தாண்டி ஒரு சின்ன ஊரில், முன்னாள் படைவீரர் கிளப்பில் கடைசிக் கச்சேரி. ஆற்றில் மூழ்கிச் செத்த மகன் ரோரியைப் பற்றி அவளே ஒரு பாட்டு கட்டி வைத்திருந்தாள். எந்த ரெக்கார்டு கம்பெனியும் அதைக் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. 'லாரிக்காரா' மாதிரி இன்னொன்று கொடு என்றார்கள்.

"போன்லயாவது பாடிப் பதிஞ்சு வை, லொரெல்," என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன்.

"போன்கிட்டப் போயி எம்புள்ளையப் பத்திப் பாடவா? மொதல்ல நாலு மனுசங்க கேக்கட்டும்டா."

அந்தப் பாட்டைப் பாடப்போவதாகக் கிளப் மேனேஜர் பெர்னியிடமும் சொன்னாள். "தாராளமா பாடு கண்ணு. ஆனா ஏழரைக்குக் கறிக் குலுக்கல், சீட்டு விழுந்தவங்களுக்குக் கறித் தட்டு குடுக்கணும். அத மட்டும் நிறுத்த முடியாது, ஜனங்க என்னைய உரிச்சிருவாங்க," என்றான்.

ஜனங்கள் முதலில் 'லாரிக்காரா' கேட்டார்கள். பாடினாள். "இன்னொரு வாட்டி, லொரெல்!" என்று பீர்க் குவளைகளால் மேஜையைத் தட்டினார்கள். மறுபடியும் பாடினாள். இருந்த குரலில் பாதி அதிலேயே போயிற்று.

பிறகு ரோரியின் பாட்டைத் தொடங்கினாள். முன்மேஜையில் ஒருத்தி சிப்ஸ் தின்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். பாழாய்ப்போன அந்த நேரத்தில்தான் ஒலிபெருக்கி கத்தியது.

"பச்சைச் சீட்டு, அறுபத்திரண்டு! ஆட்டுக்கறித் தட்டு!"

"அடிச்சுதுடா எனக்கு!"

"போன வாரமும் ஒனக்குத்தான! பெர்னி ஒன் மச்சானா?"

சிரிப்பு, கூச்சல், நாற்காலி இழுக்கும் சத்தம். லொரெல் மைக்கைப் பிடித்தபடி சிரித்த முகமாக நின்றாள். கையிலிருந்த குச்சியை பெர்னியின் மண்டையில் எறியலாம் போல எனக்கு வந்தது. கோழித் தட்டு, பன்றித் தட்டு எல்லாம் கொடுத்து முடிந்தபின் அவள் வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. இன்னொரு முறை முயன்றாள். ஒன்றுமில்லை.

தொண்டை கட்டினால் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவது எங்கள் தொழிலில் வழக்கம். பழக்க தோஷம், நீட்டிவிட்டாள். அவர்களுக்குத் தெரிந்தது ஒரே பாட்டு. 'லாரிக்காரா' என்று கூரை அதிரப் பாடினார்கள். நான் வாசிக்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தாள். வாசித்தேன்.

"ஊரே சேந்து பாடிருச்சு பாத்தியா கண்ணு!" என்று பெர்னி, மிஞ்சிய ஒரு கறித் தட்டை, என் காரில் ஏறி உட்கார்ந்தவளின் மடியில் வைத்து அனுப்பினான். வழி முழுக்க அவள் அதைப் பிடித்துக்கொண்டே அழுதாள்.

ஆபரேஷன் முடிந்துவிட்டது. இப்போதெல்லாம் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, என் முழங்கையைத் தட்டுவாள். ரோரியின் பாட்டைப் பாடு என்று அர்த்தம். முழுசாகக் கேட்டிருப்பவன் நான் ஒருவன்தானே. வரிகள் அத்தனையும் நினைவிருக்கின்றன. மெட்டுதான் பிடிபட மாட்டேன் என்கிறது. எப்படித் தொடங்கினாலும் இரண்டாவது அடியில் 'லாரிக்காரா'வுக்குள் போய் விழுந்துவிடுகிறேன்.

இல்லை, இல்லை என்று அவள் தலையாட்டுகிறாள். மறுபடியும் தட்டுகிறாள்.